சென்டினல் ஏற்றம்: முந்தின இரவு எங்கே தங்குவது, வண்டியை எங்கே விடுவது?

ஹைவெல்ட்வாசி

எல்லோருக்கும் வணக்கம். மே தின விடுமுறையை ஒட்டி தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் (சுருக்கமாக பெர்க்) மலைத்தொடரில் சென்டினல் சிகரப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருவர், மச்சான் வீட்டில் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர் (11, 14 வயது). இரண்டு கார், இரண்டுமே தாழ்வான சாதாரண கார்கள்.

யோசித்திருப்பது இதுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மிட்ராண்டிலிருந்து 5 மணிக்குக் கிளம்புவது. ஹாரிஸ்மித், புதாடிஜாபா வழியாக இரவு 10 மணிவாக்கில் சென்டினல் கார் பார்க்கிங் போய்ச் சேருவது. அங்கேயே காருக்குள் தூங்கிவிட்டு, விடிவதற்கு முன் ஏறத் தொடங்குவது. சனி இரவு மேலே துகேலா அருவி பக்கத்தில் டென்ட். ஞாயிறு மதியம் இறங்கி வீடு.

மூன்று சந்தேகங்கள். அந்த பார்க்கிங்கில் குடும்பத்தோடு காருக்குள் தூங்கலாமா? நாங்கள் மேலே இருக்கும் இரவில் கார் பத்திரமாக இருக்குமா? பக்கத்தில் அறை எடுப்பதென்றால் எங்கே எடுப்பது? இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு இரவு அறை என்றால் செலவு எகிறுகிறது, அதனால்தான் கேட்கிறேன். போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைக்காற்று

தம்பி, நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். சென்டினல் பக்கம் பல வருடமாகப் போய் வருகிறேன். உங்கள் திட்டத்தில் ஏற்றத்தைவிட வெள்ளி இரவுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உயரம். சென்டினல் பார்க்கிங் ஏறக்குறைய 2,540 மீட்டரில் இருக்கிறது. நம் ஊர் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதாவது தொட்டபெட்டா உச்சிக்கு நூறு மீட்டர் கீழே, மே மாதத்தில், தெற்கில் குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், காருக்குள் இரண்டு பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் அங்கே இரவு உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். கார் தகரம் வெளிக்குளிரை அப்படியே உள்ளே கொண்டுவரும். மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்து, விடிகாலையில் உள்பக்கமே பனி பூத்திருக்கும். இரவெல்லாம் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை காலையில் ஏறும் வழியில் இருக்கும் சங்கிலி ஏணியில் கை வைக்கும்போது விரல் பிடி கொடுக்காது. அந்த ஏணிகள் 1930-இல் போட்டவை. கம்பிப் படிகள் செங்குத்தான பாறையை ஒட்டித் தொங்கும். கை விறைத்திருக்கக் கூடாத இடம் அது.

அடுத்தது சாலை. விட்சீஸ்ஹுக் மவுண்டன் லாட்ஜ் வரைக்கும் சாதாரண கார் போகும். லாட்ஜைத் தாண்டி பார்க்கிங்குக்குப் போகும் சில கிலோமீட்டர்தான் சிக்கல். மழை அரித்து நடுவில் திட்டு எழும்பி நிற்கும், இரண்டு பக்கமும் பள்ளம். தாழ்வான காரில் ஆட்களும் சாமானுமாகப் பாரத்தோடு போனால் எண்ணெய்ச் சட்டி பாறையில் உரசும் சத்தம் கேட்கும். பகலில் என்றால் யாராவது ஒருவர் இறங்கி முன்னால் நடந்து வழி காட்டலாம். இரவு 10 மணிக்கு மேகம் இறங்கிவிட்டால் பானெட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

மூன்றாவது, ஆள் நடமாட்டம். ஒரு இடத்தில் வண்டியை இரவு விடலாமா என்று பார்க்க நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: அங்கே இரவு யாராவது தங்குகிறார்களா? வேலி, விளக்கு, போர்டு எல்லாம் அப்புறம். சம்பளத்துக்கு ஒரு ஆள் விடிய விடிய இருக்கிறாரா, அல்லது சமையலறை, வரவேற்பறை என்று நடமாட்டம் உள்ள இடமா என்று பாருங்கள். ஊருக்கு வெகுதூரத்தில், சாலை முடியும் இடத்தில், இருட்டில் தனியாக நிற்கும் காரில் குடும்பம் தூங்குவது வேண்டவே வேண்டாம். அந்தப் பகுதியில் நடப்பவர்களிடம் வழிப்பறி நடந்த செய்திகள் பல வந்திருக்கின்றன. பயமுறுத்தச் சொல்லவில்லை, திட்டம் போடும்போது கணக்கில் வைக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். இரவு லாட்ஜில் தங்குவேன். காரை லாட்ஜிலேயே விட்டுவிடுவேன். காலையில் லாட்ஜ் ஏற்பாடு செய்யும் வண்டியில் பார்க்கிங் வரை போய், மாலையில் அதே வண்டியில் இறங்குவேன். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், காலையில் எழுந்து கேட்டால் இடம் இருக்காது. அந்த லாட்ஜ் பட்லோக்வா சமூகத்தாருக்குச் சொந்தமான நிலத்தில், அவர்களும் பங்காளிகளாக நடப்பது. அங்கே வேலை செய்பவர்கள் எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். மலையில் நேற்று என்ன நடந்தது, இன்று காற்று எப்படி என்று அவர்கள் சொல்வதுபோல எந்தச் செயலியும் சொல்லாது.

வடமராட்சியான்

நான் பிரிட்டோரியாவில் இருக்கிறேன். மலைக்காற்று அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் எங்கள் ஆட்கள் செய்கிற முறை வேறு. நாங்கள் அறையே எடுப்பதில்லை. வெள்ளி இரவு நேரத்துக்கே சாப்பிட்டுப் படுத்து, ஒரு மணிக்கு எழும்பி வெளிக்கிட்டால் விடிய ஆறு மணிக்கு முதல் மலையடிக்குப் போய்விடலாம். அன்றைக்கே ஏறி இறங்கி இரவு வீட்டுக்கு வந்து சேருவோம். காரும் இரவில் அங்கே நிற்காது, அறைக்காசும் மிச்சம். பெடியள் நாலு பேர், ரெண்டு பேர் மாறி மாறி ஓட்டுவோம்.

குடும்பத்தோடு போகிறவருக்கு இது சரிவராமல் இருக்கலாம். ஆனால் கனபேர் இப்படித்தான் போய் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

லேடிஸ்மித் டாக்டர்

நண்பரே, உங்கள் முறையைப் பற்றி ஒரு மருத்துவராக எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என்3 நெடுஞ்சாலை டர்பன் துறைமுகத்துக்கும் ஜொகன்னஸ்பர்க்குக்கும் இடையில் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இறங்கும் நேரம். அந்த நேரத்தில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டி, பிறகு எட்டு மணி நேரம் மலை நடந்து, அப்புறம் மறுபடி நான்கு மணி நேரம் ஓட்டி வீடு. போகும்போது தப்பித்தாலும் திரும்பும்போதுதான் கண் சொருகும். இருவர் மாறி மாறி ஓட்டினாலும், இரண்டு பேருமே அன்று மலை ஏறியவர்கள்தானே. எங்கள் மருத்துவமனைக்கு ஞாயிறு மாலைகளில் வரும் சாலை விபத்துகளை நேரில் பார்ப்பவன் நான், அதனால்தான் சொல்கிறேன்.

ஹாரிஸ்மித்தைத் தாண்டி புதாடிஜாபா பக்கம் திரும்பியதும் இன்னொன்று: சாலையில் மாடு. கறுப்பு மாடு, விளக்கில்லாத சாலை. மந்தை ஓரமாகப் போகும், ஒன்று மட்டும் நடுவில் நிற்கும். இரவில் அந்தச் சாலையில் நான் ஓட்டுவதே இல்லை.

காருக்குள் தூங்குவது பற்றி ஹைவெல்ட்வாசி கேட்டிருந்தார். குளிர் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போடுவார்கள், அல்லது உள்ளேயே கேஸ் அடுப்பைப் பற்றவைத்து டீ போடுவார்கள். இரண்டுமே கார்பன் மோனாக்சைடு ஆபத்து. வாசனை இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் பாதிக்கும். 2024 செப்டம்பரில் வான் ரீனன்ஸ் கணவாயில் பனி கொட்டி என்3 மூடியபோது எத்தனையோ பேர் இரவெல்லாம் காருக்குள் மாட்டிக்கொண்டார்கள், நினைவிருக்கும். செப்டம்பர் என்றால் இங்கே வசந்தம். பெர்க் பக்கம் போகும்போது காரில் ஆளுக்கொரு கம்பளி, தண்ணீர், பிஸ்கட் எப்போதும் இருக்கட்டும். அது மாட்டிக்கொண்டால் பிழைக்க, திட்டம் போட்டுத் தூங்க இல்லை.

சாட்ஸ்வொர்த் ஐயா

தம்பி, ஹாரிஸ்மித்தில் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர், இரவு முழுக்கப் பெட்ரோல் பங்க் திறந்திருக்கும், மலையடி லாட்ஜைவிட மலிவாக விருந்தினர் விடுதிகள் கிடைக்கும். சனி விடியற்காலை அங்கிருந்து கிளம்பினால் வெளிச்சம் வரும் நேரத்தில் லாட்ஜ் போய்விடலாம்.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, இளையவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஹாரிஸ்மித் இருப்பது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில். அன்றைய ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட்டில் 1891-இல் போட்ட சட்டப்படி இந்தியர் அங்கே குடியேறவோ தொழில் செய்யவோ கூடாது. அந்தத் தடை 1980-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணம் போவதற்கே 1975 வரை இந்தியருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க்குக் கல்யாணத்துக்குப் போகும்போது என் தகப்பனார் ஃப்ரீ ஸ்டேட் எல்லைக்குள் வண்டியை நிறுத்தமாட்டார். அம்மா புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டி எடுத்து வருவார்கள், ஓடும் வண்டியிலேயே சாப்பிடுவோம். விடுதியில் படுக்கை கேட்பது என்ற பேச்சே கிடையாது. பெர்க் மலை ஓட்டல்களும் வெள்ளையருக்கு மட்டும்தான். பொது இடங்களைப் பிரித்து வைத்த அந்தச் சட்டம் 1990-இல்தான் நீங்கியது.

இன்று என் பேத்தி அதே ஹாரிஸ்மித்தில் போனிலேயே அறை பதிவு செய்துவிட்டு மலைக்குப் போகிறாள். எனக்கு அது பெரிய சந்தோஷம். நீங்களும் போய் நன்றாகத் தூங்கிவிட்டு ஏறுங்கள்.

ஹைவெல்ட்வாசி

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. நான் இங்கே வேலைக்கு வந்து சில வருடங்கள்தான். என் மகனுக்கும் படித்துக் காட்டினேன். மிக்க நன்றி.

டாக்டர், அக்கா இருவருக்கும் நன்றி. காருக்குள் தூங்கும் யோசனையை விட்டாயிற்று. அடுத்த கேள்வி சனி இரவு. மேலே டென்ட் போட்டால், லாட்ஜில் அறை எடுக்காமலே காரை மட்டும் அங்கே விட முடியுமா? பொதுவாக இரண்டு நாள் நிறுத்தும்போது காரை எப்படித் தயார் செய்து விட்டுப் போகிறீர்கள்? மச்சான் கார் புதுசு, அவருக்குப் பாதித் தூக்கம் அதிலேயே போகும்.

மலைக்காற்று

அறை எடுக்காமல் பார்க்கிங் மட்டும் கேட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிற இடங்கள் பெர்க் முழுக்க உண்டு. போன் போட்டுக் கேளுங்கள். கேட்கும்போது "பார்க்கிங் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கிறது என்பார்கள். "இரவு எத்தனை மணிக்கு கேட் பூட்டுவீர்கள், பூட்டிய பிறகு உள்ளே யார் இருப்பார்கள்" என்று கேளுங்கள்.

நான் காரை விட்டுப் போகும் விதம்: வீட்டிலிருந்தே பையைக் கட்டிக்கொண்டு வருவேன். பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து வைத்து, சாமான்களைப் பரப்பி அடுக்குவது கிடையாது. எதிரே நிற்கிறவருக்கு என்ன இருக்கிறது, என்ன மிச்சம் விட்டுப் போகிறோம் என்று படம் போட்டுக் காட்டுவதற்குச் சமம் அது. உள்ளே ஒரு சார்ஜர் வயர்கூட வெளியில் தெரியாது. டேஷ்போர்டு டிராயரைத் திறந்தே வைத்துவிடுவேன், ஒன்றுமில்லை என்று கண்ணாடி வழியே தெரியட்டும். பின் சீட்டுக்குப் பின்னால் டிக்கியை மூடும் தட்டையும் எடுத்துவிடுவேன்.

பூட்டும்போது ரிமோட்டை அழுத்தியதும் நடந்துவிடக் கூடாது. சிக்னலைத் தடுக்கும் கருவி வைத்துக்கொண்டு திருடுவது இந்த நாட்டில் சகஜம், உங்களுக்கே தெரியும். நான்கு கதவையும் டிக்கியையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். உதிரிச் சாவி இன்னொருவர் பையில். மழையிலும் ஆற்றிலும் நனைந்த ரிமோட் வேலை செய்யாமல் போகும், அதனால் சாவியை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் உள் ஜிப்பில் வைத்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி: பாலிசி எடுக்கும்போது இரவில் கார் எங்கே நிற்கும் என்று கேட்டிருப்பார்கள். பூட்டிய கேட்டுக்குள் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். மலையடியில் இரண்டு இரவு விடப்போகிறேன், இது செல்லுமா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார் எங்கே என்று காட்டும் டிராக்கர் இருந்தாலும் பள்ளத்தாக்குக்குள் மொபைல் சிக்னல் இல்லாத இடத்தில் அது உடனே செய்தி அனுப்பும் என்று நம்பியிருக்க முடியாது.

வடமராட்சியான்

சாமான் அடுக்குகிற விஷயத்தில் அக்கா சொன்னது நூறு வீதம் உண்மை. எங்கள் கூட்டத்தில் ஒருவரின் கார் ஒரு அருவிக்குப் பக்கத்தில், சாலையோரத் தரிப்பிடத்தில் நின்றது. பகல்தான், மூன்று மணி நேரம் இருக்கும். திரும்பி வர, பின்பக்க முக்கோணக் கண்ணாடி மட்டும் உடைந்து கிடந்தது. எடுத்தது ஒரு பழைய ஜாக்கெட். அதற்குள்தான் வீட்டுச் சாவியும் கார் பத்திரங்களின் நகலும் இருந்தன. பத்திரத்தில் வீட்டு விலாசம், கையில் வீட்டுச் சாவி. அன்றைக்கு மலையில் நின்றுகொண்டே வீட்டுக்காரரை எழுப்பிப் பூட்டு மாற்ற வேண்டியதாகிவிட்டது. காரில் விலாசம் உள்ள கடதாசி ஒன்றும் வைக்காதீர்கள்.

கேப்டவுன் செல்வி

நான் இருக்கும் பக்கம் நிலைமை வேறு என்பதால் ஒரு குறிப்பு. டேபிள் மவுண்டனில் ஊருக்குள்ளேயே ஏற்றம் தொடங்குவதால் இரவு பார்க்கிங் தேவையே இல்லை. டாஃபல்பர்க் சாலை ஓரத்தில் இரவெல்லாம் காரை விட்டுப் போகாதீர்கள், வாடகை டாக்சியில் வந்து இறங்கிவிடுங்கள். பெர்க்கில் அந்த வசதி இல்லை, நீங்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

லேடிஸ்மித் டாக்டர்

ஹைவெல்ட்வாசி, 11 வயதுப் பிள்ளையோடு மேலே இரவு தங்குவதைத் திரும்ப யோசியுங்கள். பார்க்கிங்கிலிருந்து அருவி வரை போய்த் திரும்பினால் 13 கிலோமீட்டர் சுமார், ஒரே நாளில் முடியும். மேலே தங்கினால் ஆறு பேருக்கு டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு எல்லாம் சுமந்துகொண்டு சங்கிலி ஏணி ஏற வேண்டும். பாரமான பை பின்னால் இழுக்கும்போது அந்த ஏணி வேறு மாதிரி இருக்கும். ஏணி பயமாக இருந்தால் பக்கத்தில் பாறை இடுக்கு வழியாக ஏறும் பாதையும் உண்டு, அதுவும் செங்குத்துதான். மேலே 3,000 மீட்டர். திறந்த வெளி, கட்டிடம் கிடையாது, காவல் கிடையாது.

துகேலா அருவி மொத்தம் 948 மீட்டர் விழுகிறது. மேலிருந்து பார்க்கும்போது தண்ணீர் கண்ணெதிரே விளிம்பைத் தாண்டிக் காணாமல் போகும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் விளிம்புப் பக்கம் போக வேண்டும். மே மாதத்தில் தண்ணீர் மெலிந்திருக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். கோடையில் மதியம் இடி மின்னல், அந்த ஆபத்து மே மாதத்தில் குறைவு.

மலைக்காற்று

டாக்டரை வழிமொழிகிறேன். பிள்ளைகளை மலையில் ஒரு இரவு தங்க வைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், அதற்கு சென்டினல் வேண்டாம். கீழ்ப்பக்கம், குவாசுலு நட்டால் பக்கம் வாருங்கள். அங்கே எசெம்வெலோ வனத்துறை நடத்தும் முகாம்களில் ஏற்றம் தொடங்கும் இடமும், தங்கும் இடமும், கார் நிற்கும் இடமும் ஒரே கேட்டுக்குள். உங்கள் மூன்று கேள்விக்கும் ஒரே பதில்.

ராயல் நட்டால் பூங்காவில் மஹாய் முகாம்: புல்வெளியில் டென்ட் போடலாம், குளிக்க வெந்நீர் உண்டு, கார் டென்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். காலையில் எழுந்து துகேலா கோர்ஜ் (ஆற்றுப் பள்ளத்தாக்கு) நடை போகலாம், போய்வர ஏறக்குறைய 14 கிலோமீட்டர், அதிகம் ஏற்றம் இல்லை. நீங்கள் மேலிருந்து பார்க்க நினைத்த அதே அருவியைக் கீழிருந்து பார்ப்பீர்கள். ஆம்பிதியேட்டர் என்கிற வளைந்த பாறைச் சுவர் முழுவதும், ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு, முன்னால் நிற்கும். அறை வேண்டுமென்றால் மேலே தெண்டெலே குடில்கள் இருக்கின்றன. விடுமுறை நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்ய வேண்டும்.

மங்க்ஸ் கவுல்: வின்டர்டனிலிருந்து ஆர்600 சாலை கடைசிவரை தார். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே முகாமும் பார்க்கிங்கும். இரவு மலையில் தங்கப் போகிறவர்கள் காரை அங்கே விட்டுப் போவது வழக்கமான ஏற்பாடு. வழியில் ஓட்டல்களும் விருந்தினர் விடுதிகளும் நிறைய இருப்பதால் கடைசி நேரத்தில் இடம் கிடைக்க வாய்ப்புள்ள ஒரே பள்ளத்தாக்கு அதுதான் என்பேன்.

இஞ்சிசூதி எனக்கு மிகவும் பிடித்த இடம். சாலையில் குழி அதிகம், பொறுமையாக வர வேண்டும். அங்கிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் குகைகளுக்கு நடந்து போய் இரவு தங்கலாம். பெர்க்கில் தங்க அனுமதி உள்ள குகைகளை முன்பதிவு செய்தால் அன்று இரவு அந்தக் குகை உங்கள் குழுவுக்கு மட்டும்தான். டென்ட் சுமக்க வேண்டாம். நெருப்பு மூட்டக்கூடாது, கேஸ் அடுப்பு மட்டும். 11 வயதுப் பிள்ளைக்கு முதல் மலை இரவாக இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. பாறைக் கூரைக்குக் கீழே வரிசையாகப் படுத்துக்கொண்டு, எதிர் மலையில் நிலா வெளிச்சம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார்கள்.

எங்கே போனாலும் மலைப் பதிவேட்டில் எழுதாமல் கிளம்பாதீர்கள். பெயர், எந்த வழி, எப்போது திரும்புவோம், டென்ட் என்ன நிறம், வீட்டில் யாரைக் கூப்பிடுவது எல்லாம் கேட்டிருக்கும். அவசரமாகக் கிறுக்காமல் தெளிவாக எழுதுங்கள், தேட வருகிறவருக்கு அந்தப் பக்கம்தான் வழிகாட்டி. கார் எண்ணையும் எழுதுங்கள். திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வீட்டில் தூங்கும்போது யாரோ உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சாட்ஸ்வொர்த் ஐயா

அக்கா சொன்ன முகாம்களில் குரங்கு உண்டு, அதையும் சொல்லுங்கள். பபூன்கள் கூட்டமாக வரும். டென்ட்டுக்குள் வாழைப்பழம் வைத்துவிட்டு நடக்கப் போனால் திரும்பி வரும்போது டென்ட் கிழிந்து கிடக்கும். சாப்பாடு எல்லாம் காருக்குள், கண்ணாடி முழுக்க ஏற்றி.

இன்னொன்று. ஈஸ்டர் விடுமுறையில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் இருப்போம், ஆனாலும் பெர்க் முகாம்கள் நிரம்பி வழியும். மே தினமும் அப்படித்தான். இடம் இருக்கும் என்று நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

வடமராட்சியான்

அக்கா, ம்னுவேனி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? நாங்கள் பெடியள் அடுத்ததாக அங்கே போக யோசிக்கிறோம், ராக்கரீஸ் கணவாய் ஏறி ம்னுவேனி கணவாயால் இறங்குவது. இரண்டு மூன்று இரவு காரை விட வேண்டும்.

மலைக்காற்று

குடும்பத்துக்கு அது பொருந்தாது என்பதால்தான் விட்டுவிட்டேன், உங்களுக்குப் பொருந்தும். ம்னுவேனி வனத்துறைப் பூங்காவுக்குள் வராது, அமாங்வானே மக்களின் நிலம். பெர்க்வில்லிலிருந்து கிராமங்கள் வழியாகப் போனால் ம்னுவேனி கலாசார மையம். அங்கேயே அனுமதி வாங்கி, பதிவேட்டில் எழுதி, காரை உள்ளே விட்டுவிட்டுப் போகலாம். முந்தின இரவு தங்கக் குடிசைகளும் உண்டு. ஊர்க்காரர்கள் நடத்துவது, உங்கள் கட்டணம் நேராக அவர்களுக்குப் போகும். நான் அங்கே காரை விட்டுவிட்டு ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

ஆனால் அங்கே மேலே நடக்கும் பாதைகளை லெசோத்தோவிலிருந்து கஞ்சா கடத்துகிறவர்களும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள், வழி விட்டு ஒதுங்கி நின்றால் போதும். வழிகாட்டி ஒருவரை மையத்திலேயே கேட்டு அழைத்துப் போங்கள். மொழி தெரிந்த, முகம் தெரிந்த ஆள் கூட வருவது பெரிய பாதுகாப்பு. பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும், விளிம்புக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அப்புறம், முந்தின இரவு அங்கேயே தங்கினால்தான் இந்த ஏற்றம் சரிவரும். இரவு ஒரு மணிக்கு எழுந்து கிளம்பும் உங்கள் முறை இதற்குப் பொருந்தாது. முதல் நாளே நீண்ட நடை, பாரமும் அதிகம்.

வடமராட்சியான்

சரி அக்கா, இதற்கு முதல் நாளே வந்து தங்குகிறோம். ஒரு நாள் நடைக்கு எங்கள் முறையை விடமாட்டோம், அது வேறு கதை.

டர்பன் வடக்கு

தெற்கு பெர்க் பற்றி யாரும் எழுதவில்லையே. சானி கணவாயிலிருந்து புஷ்மன்ஸ் நெக் வரை ஜயண்ட்ஸ் கப் பாதை, ஐந்து நாள், 60 கிலோமீட்டர் சுமார். ஒவ்வொரு இரவுக்கும் குடில் இருக்கிறது, டென்ட் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால் தொடங்கும் இடம் ஒன்று, முடியும் இடம் வேறு. இரண்டு கார் இருந்தாலும் ஒன்றை முடியும் இடத்தில் விட்டுவிட்டு மற்றதில் தொடக்கத்துக்கு வர மலைச் சாலையில் நேரம் போய்விடும்.

நாங்கள் அண்டர்பர்கில் தங்கிய விருந்தினர் விடுதிக்காரரிடமே பேசினோம். கார்களை முடியும் இடத்தில் விட்டோம், அங்கிருந்து அவர் வண்டியில் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டார். கடைசி நாள் களைத்து வரும்போது சொந்தக் கார் எதிரே நிற்க வேண்டும். வேறு யாரோ வந்து ஏற்றிப் போகக் காத்திருப்பது, அதுவும் போன் சிக்னல் இல்லாமல், மிகவும் கஷ்டம்.

ஹைவெல்ட்வாசி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்.

வெள்ளி இரவு ஹாரிஸ்மித்தில் விருந்தினர் விடுதி, குடும்ப அறை ஒன்றிலேயே ஆறு பேருக்கும் இடம் கிடைத்தது. சனி விடிகாலை லாட்ஜ், அங்கே காரை விட்டு அவர்கள் வண்டியில் மேலே போய் அன்றே இறங்குவது. வண்டிக்குச் சொல்லியாயிற்று. பார்க்கிங்குக்கும் தனியாகக் கேட்டேன், இரவு ஆள் இருப்பார் என்றார்கள். இறங்கியதும் ஆர்74 வழியாக ஒலிவியர்ஸ்ஹுக் கணவாய் இறங்கி, சனி இரவு மஹாயில் டென்ட். ரத்தான இடம் ஒன்று கிடைத்தது. ஞாயிறு கோர்ஜ் நடை, முடிந்தவரை போய்விட்டு மதியம் கிளம்பல். குகை இரவு அடுத்த பள்ளி விடுமுறைக்கு, மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு சந்தேகம். மஹாய் கேட் எத்தனை மணிக்கு மூடும்? சென்டினலிலிருந்து இறங்கிப் போய்ச் சேர நேரம் போதுமா?

மலைக்காற்று

நேரம்தான் நெருக்கடி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பொதுவாக மாலை 6 மணிக்கு கேட் மூடுவார்கள். மே மாதத்தில் 5:20-க்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், ஒலிவியர்ஸ்ஹுக் கணவாயை இருட்டில் இறங்க வேண்டாம். ஆகவே இரண்டு மணிக்குள் நீங்கள் லாட்ஜில் காரில் ஏறியிருக்க வேண்டும். அதற்குக் காலை ஏழு மணிக்கு முன் நடக்கத் தொடங்கியாக வேண்டும். ஏணிக்கு மேலே எங்கே இருந்தாலும் பத்தரை மணிக்குத் திரும்பிவிடுங்கள், அருவிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று யாராவது சொன்னாலும். லாட்ஜ் வண்டி திரும்ப வரும் நேரத்தையும் அதற்கு ஏற்றபடி இன்றே சொல்லிவிடுங்கள்.

அப்படியும் தாமதமாகலாம். பூங்கா அலுவலகத்துக்கு இப்போதே போன் செய்து, தாமதமாக வந்தால் கேட்டில் என்ன ஏற்பாடு என்று கேட்டு வையுங்கள், அங்கே போய்க் கேட்க முடியாது. பதிவுத் தாளை அச்செடுத்து வாருங்கள். ஹாரிஸ்மித்திலேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள்.

லேடிஸ்மித் டாக்டர்

வியாழன் மாலை வானிலையைப் பாருங்கள். மலை மேல் பனி என்றோ பலத்த காற்று என்றோ போட்டிருந்தால் சென்டினலை விட்டுவிட்டு நேரே மஹாய்க்குப் போய்விடுங்கள், இரண்டு நாளும் கீழேயே நடக்கலாம். ஹாரிஸ்மித் அறையை எந்த நாள் வரை கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் என்று இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொபைலில் 112 போட்டால் அவசர உதவி, ஆம்புலன்ஸ் 10177. இரண்டையும் பிள்ளைகள் போனிலும் பதிந்து விடுங்கள்.

ஹைவெல்ட்வாசி

விடுதிக்குப் போன் செய்தேன். வியாழன் மாலை 6 மணி வரை ரத்து செய்யலாமாம். பூங்கா அலுவலகத்தில் நாளைக் காலை பேசுகிறேன்.